5,000 இறாத்தலா, 7,700 இறாத்தலா: ஒன்ராறியோவில் படகு இழுக்க நடுத்தர பிக்கப்பைத் தெரிவு செய்தல்

ஸ்காபரோவிலோ அஜக்ஸிலோ வாழும் ஒரு குடும்பம், கோடையில் சொந்தப் படகை இழுத்துக்கொண்டு சிம்கோ ஏரிக்கோ ஸ்கூகாக் ஏரிக்கோ போய்வர நினைத்தால், எந்தப் பிக்கப்பை வாங்குவது என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. விற்பனை நிலையத்தில் அதற்கு விடையாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை எண்தான். ஹொண்டா ரிட்ஜ்லைன் 5,000 இறாத்தல் இழுக்கும். டொயோட்டா டகோமா 6,500 வரை இழுக்கும். 2024இல் புதுப்பிக்கப்பட்ட ஃபோர்ட் ரேஞ்சர் 7,500 வரை போகும். 2023இல் புதிய தலைமுறையாக வந்த செவர்லே கொலராடோ 7,700 என்று சொல்லும். இந்த எண்களை மட்டும் வரிசைப்படுத்தினால் கொலராடோவே வென்றுவிடும், கட்டுரையும் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் நடுத்தர அளவு பிக்கப்பில் முதலில் முட்டும் எல்லை எஞ்சினின் இழுவிசை அல்ல. வண்டி தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்பதும், இழுத்துச் செல்வதை எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்த முடியும் என்பதுமே அதற்கு முன்பாகக் குறுக்கே வருகின்றன. ஐந்து பேர் உள்ள குடும்பம் இந்தக் கண்ணோடு பார்த்தால் வரிசை வெகுவாக மாறிவிடுகிறது.

விளம்பரத்தில் வரும் இழுவைத் திறன் பொய்யல்ல. இன்று இவ்வகை வண்டிகளின் எண்கள் எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொது அளவுகோலின்படி கணிக்கப்படுகின்றன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே பதினெட்டு கிலோமீற்றருக்கு மேல் நீளும் ஏற்றத்தில், குளிர்சாதனத்தை முழுமையாக ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ட்ரெயிலரை ஏற்றிக் காட்ட வேண்டும் என்பது அந்த அளவுகோலின் நிபந்தனைகளுள் ஒன்று. கடினமான சோதனைதான். ஆயினும் அதே அளவுகோல், வண்டிக்குள் சாரதியும் ஒரு பயணியும் மட்டுமே, ஆளுக்கு 150 இறாத்தல் எடையோடு அமர்ந்திருப்பதாகக் கொள்கிறது. பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள், தட்டில் குளிர்பெட்டி, கூடாரம், சமையல் அடுப்பு ஆகியவை சேர்ந்ததும் விளம்பர எண் அந்த அளவுக்காவது இறங்க வேண்டும். அதைவிட முக்கியமாக, இவை யாவும் இன்னொரு கணக்கையும் தின்றுவிடுகின்றன. அதுவே சுமைத்திறன்.

சுமைத்திறனை விளம்பரத் தாளில் தேடக் கூடாது. சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில், பயணிகளும் பொருட்களும் சேர்ந்து இத்தனை கிலோகிராமை, இத்தனை இறாத்தலைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அந்த எண் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு உரியது. ஒரே பெயருடைய இரண்டு வண்டிகளில், ஒன்றில் கூரைக் கண்ணாடியும் கனமான சக்கரங்களும் இருந்தால், இரண்டு தாள்களும் ஒன்றாக இருக்க மாட்டா. ட்ரெயிலரின் மூக்கு, வண்டியின் பின்னால் அதைப் பூட்டும் ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் பாரமும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. வாங்குபவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுவே.

ஓர் உதாரணத்தை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். பத்தொன்பது, இருபது அடி நீளமான கண்ணாடியிழைப் பௌரைடர் (முன்பகுதியிலும் இருக்கைகள் உள்ள திறந்த மோட்டார் படகு) ஒன்றை எடுத்துக்கொண்டால், உள்ளே பொருத்திய எஞ்சினோடு படகு மட்டும் ஏறத்தாழ 2,900 இறாத்தல் வரும். 130 லீற்றர் பெற்றோல் 210 இறாத்தல், ட்ரெயிலர் 900, நங்கூரம், உயிர்காப்பு அங்கிகள், மின்கலம், நீர்ச்சறுக்குப் பலகை முதலியவை 350. கூட்டினால் 4,360 இறாத்தல். இதில் பத்து வீதம் ஹிட்ச் பந்தில் இறங்குவதாகக் கொண்டால் சுமார் 440. பெற்றோர் இருவரும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து 620 என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்பெட்டி, உணவு, உடுப்பு, தூண்டில் சாமான்கள், ஹிட்ச் இரும்பு எல்லாம் 220. ஆக மொத்தம் 1,280 இறாத்தல் பிக்கப்பின் முதுகில் ஏறுகிறது. படகின் எடையோ 5,000 இழுக்கும் ரிட்ஜ்லைனின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

இப்போது வண்டிகளிடம் திரும்பலாம். ரிட்ஜ்லைனின் கதவுத் தாள்களில் 1,500 இறாத்தலை ஒட்டிய எண்கள் வழக்கமாகக் காணப்படுகின்றன; மேலே சொன்ன குடும்பத்துக்கும் படகுக்கும் அது போதும். டகோமாவும் ரேஞ்சரும் அவற்றின் எளிய வகைகளில் 1,700 இறாத்தல் வரையும் அதற்கு மேலும் தாங்குகின்றன. ஆனால் உயர்ந்த தொங்கல் அமைப்பும் பெரிய டயர்களும் கொண்ட காட்டுப்பாதை வகைகளில் கதை மாறுகிறது. அவற்றுள் பலவற்றின் தாளில் 1,100, 1,200 என்ற எண்களே இருக்கும். இழுவைத் திறனும் குறைந்துவிடும். கொலராடோவின் மற்ற வகைகள் 7,700 இழுக்க, அதன் இசட்ஆர்2 வகை 6,000 மட்டுமே இழுக்கும். ரேஞ்சரின் ராப்டர் வகைக்கு 5,510. தோற்றத்தில் மிக வலிமையாகத் தெரியும் வண்டியே நம் உதாரணக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நம் உதாரணப் படகை இழுக்கத் தகுதியற்றதாகிவிடக்கூடும். படகுக்காகத்தான் வண்டி வாங்குகிறோம் என்றால், கறுப்புச் சக்கரங்களுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைப் போன்ற வீண்செலவு வேறில்லை என்பது என் எண்ணம்.

எஞ்சினைப் பொறுத்தவரை வேறுபாடு உண்மையானது, ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியதல்ல. கொலராடோவின் 2.7 லீற்றர் டர்போ எஞ்சின் 430 இறாத்தல்-அடி முறுக்குவிசை (சுழற்றும் விசை) தருகிறது. ரேஞ்சரின் 2.3 லீற்றர் 310உம், அதன் 2.7 லீற்றர் வி6 400உம் தருகின்றன. டர்போ இல்லாத ரிட்ஜ்லைனின் 3.5 லீற்றர் வி6 262இலும், நிசான் ஃப்ரொன்ரியரின் 3.8 லீற்றர் வி6 281இலும் நிற்கின்றன. டர்போ எஞ்சின்கள் குறைந்த சுழற்சியிலேயே தங்கள் விசையைத் தந்துவிடுவதால், 400ஆம் நெடுஞ்சாலையில் பாரிக்கு வடக்கே வரும் ஏற்றங்களை அவை சத்தமின்றி ஏறும். ரிட்ஜ்லைன் கியர்களை இறக்கி, உரக்க உறுமி ஏறும். உறுமல் காதுக்கு இதமாக இல்லாவிட்டாலும் பாதுகாப்புக் குறைபாடு அல்ல. உயர்ந்த மலைகளில் காற்று மெலிவதால் டர்போவுக்குக் கிடைக்கும் தனி அனுகூலம், சில நூறு மீற்றர் உயரத்துக்குள் அடங்கிவிடும் தென் ஒன்ராறியோவில் பெரிதாகப் பயன்படப் போவதில்லை. டகோமாவின் கலப்பின (ஹைபிரிட்) வகை 465 இறாத்தல்-அடி தந்தும், சாதாரண வகையைவிடக் குறைவாக, 6,000 இறாத்தலே இழுக்க அனுமதிக்கப்படுகிறது. முறுக்குவிசையும் இழுவைத் திறனும் ஒன்றல்ல என்பதற்கு அதுவே சான்று.

சக்கர அச்சுகளுக்கிடையேயான நீளம் பற்றிப் பேசுவோர் குறைவு. ரிட்ஜ்லைனில் அது 3.18 மீற்றர், ரேஞ்சரில் 3.27, கொலராடோவிலும் டகோமாவின் இரட்டைக் கபின் வகையிலும் 3.3 மீற்றருக்கு மேல். பக்கத்தில் பெரிய கனரக வாகனம் முந்திச் செல்லும்போது ட்ரெயிலர் பிக்கப்பின் பின்புறத்தை ஒரு பக்கமாகத் தள்ளப் பார்க்கும். நீண்ட வண்டி அதற்கு அவ்வளவாக இணங்காது. வேறுபாடு சில அங்குலங்கள்தான் என்றாலும், 4,400 இறாத்தலோடு மழையில் ஓடும்போது அதை உணரலாம்.

படகின் பக்கமிருந்தும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும், ஏனெனில் வண்டியைவிடப் படகை மாற்றுவது பல வேளைகளில் மலிவு. பதினாறு அடி அலுமினியப் படகு, 60 குதிரைவலு எஞ்சின், ஒற்றை அச்சு ட்ரெயிலர் எல்லாம் சேர்ந்தாலும் 2,000 இறாத்தலைச் சுற்றியே நிற்கும். மீன்பிடிப்பதே நோக்கமாக இருந்தால், இந்த ஒப்பீட்டில் வரும் எல்லா வண்டிகளும் அதை இலகுவாக இழுக்கும். வண்டியை வேறு காரணங்களுக்காகத் தெரிவு செய்துகொள்ளலாம். ஆழம் குறைந்த ஸ்கூகாக் ஏரிக்கு இதுவே பொருத்தமான படகு என்றும் சொல்வேன்.

இரண்டு மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் அமைந்த பொண்டூன் படகுதான் சிக்கலானது. உறவினர்கள் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு ஏரி நடுவே கோழி வாட்டிச் சாப்பிட ஆசைப்படுவோரின் கண் அதன் மேல்தான் விழும். இருபத்திரண்டு அடிப் பொண்டூன், எஞ்சினும் ட்ரெயிலரும் சேர்ந்து 4,000 இறாத்தல் அளவில் இருக்கலாம். அதாவது நம் பௌரைடரைவிட இலேசு. ஆனால் எடை இங்கே பாதிக் கதைதான். 2.59 மீற்றர் அகலமான தட்டையும் அதன் மேல் எழும் வேலியையும் இருக்கைகளையும் காற்று நேராக மோதுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் போராடுவது எடையோடு அல்ல, காற்றோடு. ஒன்ராறியோவில் வாகன அகலத்துக்கான எல்லை 2.6 மீற்றர் என்பதால் அது சட்டத்துக்குள் மயிரிழையில் அடங்குகிறது. ஆனால் பிக்கப்பைவிட வெகு அகலமாக இருப்பதால், நீட்டிப்புக் கண்ணாடிகள் பொருத்தாமல் பின்னால் வருவதைக் காண முடியாது. ட்ரெயிலரின் வகையும் முக்கியம். இரண்டு குழாய்களுக்கும் இடையே நுழைந்து படகைத் தூக்கும் கத்தரிக்கோல் வகை ட்ரெயிலர், சக்கரங்கள் நெருங்கியும் படகு உயரத்திலும் இருக்கும்படி அமைந்தது. மரீனா என்னும் படகுத்துறைக்குள் படகை இடம் மாற்ற அது உதவும்; 401ஆம் நெடுஞ்சாலையில் ஓட அல்ல. குழாய்களை நீளமான பலகைகள் தாங்கும், இரட்டை அச்சு கொண்ட அகன்ற ட்ரெயிலர் கிடைக்காவிட்டால் பொண்டூனை நடுத்தர பிக்கப்பால் இழுக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். அகன்ற ட்ரெயிலர் கிடைத்தாலும், ரேஞ்சர், கொலராடோ போன்றவற்றின் கூடுதல் முறுக்குவிசை பயன்படும் இடம் இதுதான். ரிட்ஜ்லைனை நான் இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறுத்துவதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோகிராமை, அதாவது 3,000 இறாத்தலை எட்டும் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் இருந்தே ஆக வேண்டும். வண்டியோடு இணைக்கும் பிடிமானமும் இரண்டு தனித்தனி வழிகளில் இருக்க வேண்டும். ஆகவே ஹிட்ச் பந்தோடு பாதுகாப்புச் சங்கிலிகளும் கட்டாயம். அலுமினியப் படகு பிரேக் இல்லாமல் சட்டப்படி ஓடலாம்; பௌரைடரும் பொண்டூனும் ஓட முடியாது. படகு ட்ரெயிலர்களில் அதிகமாகக் காணப்படுவது சர்ஜ் பிரேக். வண்டி வேகத்தைக் குறைத்ததும் ட்ரெயிலர் முன்னோக்கித் தள்ளுகிறது; அந்தத் தள்ளல் மூக்கிலுள்ள திரவ உருளையை அழுத்தி, சக்கரங்களின் பிரேக்கைப் பிடிக்கச் செய்கிறது. மின்சாரம் தேவையில்லை, வண்டிக்குள் கருவி எதுவும் வேண்டாம், நீரில் மூழ்கினாலும் கெடாது. எளிமையில் இதற்கு இணையில்லை.

ஆனால் அந்த எளிமைக்கு விலையுண்டு. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தை அடக்கினால், ட்ரெயிலர் தொடர்ந்து தள்ளிக்கொண்டிருப்பதால் அதன் பிரேக்கும் தொடர்ந்து உரசிச் சூடேறும். ஏற்றத்தில் பின்னோக்கித் தள்ளினால், பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்க, பின்கியர் விளக்கின் மின்சாரத்தால் பிரேக்கை விடுவிக்கும் பூட்டு பல ட்ரெயிலர்களில் உண்டு. அதற்கு வண்டியில் ஐந்து முனை மின் இணைப்பு வேண்டும். நான்கு முனை இணைப்பு மட்டுமுள்ள வண்டியை ஓட்டுபவர், பூட்டு வேலை செய்யாமல், படகை நீரில் இறக்கும் இறங்குதளத்தில் திகைத்து நிற்பார். எல்லாவற்றையும்விட, ட்ரெயிலர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்போது அதன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கும் வாய்ப்பு சர்ஜ் முறையில் சாரதிக்கு இல்லை. மின்சாரத்தால் இயங்கும் திரவ பிரேக்கில் அந்த வாய்ப்பு உண்டு. வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் நெம்பை விரலால் அழுத்தினால் ட்ரெயிலர் மட்டும் பின்னுக்கு இழுக்கப்பட்டு நேராகிவிடும். செலவு கணிசமாகக் கூடும். ஏழு முனை இணைப்பும் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். ரேஞ்சர், கொலராடோ, டகோமா ஆகியவற்றின் சில வகைகளில் அந்தக் கருவியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி வாங்க வழியுண்டு. மற்றவற்றில் பிறகு பொருத்தலாம். பௌரைடரைக் கோடையில் சில தடவை மட்டும், தட்டையான சாலைகளில் இழுப்பவருக்கு நல்ல நிலையிலுள்ள சர்ஜ் பிரேக் போதும். ஏற்ற இறக்கம் நிறைந்த முஸ்கோகா பக்கம் அடிக்கடி போகிறவர், பழைய ட்ரெயிலரைப் புதுப்பிக்கும் செலவோடு செலவாக மின்திரவ முறைக்கு மாறுவதே மேல்.

ஸ்காபரோவாசிகளுக்கு இதைச் சோதிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிளஃபர்ஸ் பார்க் இறங்குதளத்துக்கு பிரிம்லி வீதியின் தெற்கு முனையால்தான் இறங்க வேண்டும். அது செங்குத்தாகவும் வளைந்தும் இறங்கும் குறுகிய பாதை. கோடை ஞாயிறுகளில் அங்கே கார்களும் நடந்து செல்வோரும் நிறைந்திருப்பார்கள். 4,400 இறாத்தல் பின்னால் தள்ள, முன்னால் ஒரு பிள்ளை பந்தின் பின்னே ஓடிவரும் நிலையை மனதில் வைத்துத்தான் பிரேக் முறையைத் தெரிவு செய்ய வேண்டும்.

பாரத்தைச் சரியாகப் பங்கிடாவிட்டால் எந்த பிரேக்கும் காப்பாற்றாது. ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் ஹிட்ச் பந்தில் இறங்க வேண்டும் என்பது பொது விதி. எஞ்சின் பின்னால் இருக்கும் படகுகளுக்கு அதைவிடச் சற்றுக் குறைந்த அளவை ஏற்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. அளவு மிகக் குறைந்தால் ட்ரெயிலரின் பின்பாகம் கனத்து, வேகம் கூடும்போது ஆட்டம் தொடங்கும். ஏரியிலிருந்து எடுத்த படகின் அடித்தட்டில் நூறு லீற்றர் நீர் தேங்கியிருந்தால், அது நூறு கிலோகிராம், அதுவும் பின்புறத்தில். ஏற்றங்களில் அந்த நீர் இன்னும் பின்னுக்கு ஓடி ஹிட்ச் பந்தின் பாரத்தைக் குறைத்துவிடும். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், படகைத் தரைவழியே கொண்டுசெல்லுமுன் வடிகால் அடைப்பைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டியிருக்கும் நீர்த்தாவரங்களையும் உயிரிகளையும் அகற்றுவது சட்டக் கடமை. ஏரிக்கு ஏரி வரிக்குதிரை மட்டிகள் போன்ற ஆக்கிரமிப்பு உயிரிகள் பரவாமல் தடுக்க வந்த விதி அது. சாலைப் பாதுகாப்புக்கும் அது உதவுகிறது.

பாரம் 5,000 இறாத்தலைத் தாண்டும்போது, ஹிட்ச் பந்தின் பாரத்தை மற்ற அச்சுகளுக்கும் பகிரும் எடைப் பகிர்வு ஹிட்ச் வேண்டும் என்று கூறும் வாகனக் கையேடுகள் உண்டு. எல்லா வகை எடைப் பகிர்வு ஹிட்சுகளும் சர்ஜ் பிரேக்கோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே 7,500, 7,700 என்ற எண்களின் மேல்பகுதி, சர்ஜ் பிரேக் கொண்ட படகு ட்ரெயிலரை இழுப்பவருக்கு நடைமுறையில் எளிதாக எட்டுவதில்லை. ரிட்ஜ்லைனுக்கும் கொலராடோவுக்கும் இடையே காகிதத்தில் தெரியும் 2,700 இறாத்தல் இடைவெளி, படகுக்காரருக்கு வெகுவாகச் சுருங்கிவிடுவது இதனாலும்தான்.

வழுக்கும் இறங்குதளத்தில் நான்கு சக்கர இழுவை பயன்தரும் என்பதில் ஐயமில்லை. பாசி படிந்த கொங்கிறீற்றில் பின்சக்கரங்கள் நனைந்திருக்க, படகை மேலே இழுக்கும் அந்த அரை நிமிடத்துக்கு டகோமா, ரேஞ்சர், கொலராடோ, ஃப்ரொன்ரியர் ஆகியவற்றின் குறைவேக நான்கு சக்கர கியர் மிகவும் உதவும். ரிட்ஜ்லைனில் அந்தக் கியர் இல்லை. ஆனால் அதன் முறை 70 வீதம் வரையிலான விசையைப் பின்சக்கரங்களுக்கு அனுப்பவல்லது. நன்கு பராமரிக்கப்படும் பொதுத் தளங்களுக்கு அது போதும். குடிசை வாடகைக்கு எடுத்து, சரளையும் சேறுமான தனியார் தளங்களில் படகை இறக்குவோருக்குப் போதாது.

டயர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ட்ரெயிலர்களுக்கென்று செய்யப்படும் டயர்களில் பல மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீற்றர் வேகத்துக்கே உரியவை. சில நெடுஞ்சாலைகளில் வேக எல்லை 110 ஆகிவிட்டது என்பதற்காக ட்ரெயிலரின் டயருக்கும் எல்லை உயர்ந்துவிடவில்லை. ஆறு ஆண்டு பழைய டயர், தடம் தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும், மாற்ற வேண்டியதே.

பழைய வண்டி வாங்குவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பின்னால் ஹிட்ச் குழாய் இருப்பதாலேயே அந்த வண்டி முழு எடையையும் இழுக்கும் என்று கொள்ளக் கூடாது. தொழிற்சாலையில் பொருத்தப்படும் இழுவைப் பொதி இல்லாத ரேஞ்சருக்கு எல்லை 3,500 இறாத்தல்தான். வெளிக்கடையில் பூட்டிய ஹிட்ச் அதை 7,500 ஆக்காது. கூடுதல் குளிர்விப்பான், ஏழு முனை இணைப்பு ஆகியவை தொழிற்சாலையிலிருந்தே வந்தவையா என்பதை வாகன எண்ணைக் கொடுத்து விற்பனை நிலையத்தில் உறுதிசெய்த பிறகே விலை பேச வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பத்தொன்பது அடிப் பௌரைடரும் ஐந்து பேர் குடும்பமும் என்ற நிலைக்கு நான் முதலில் பார்ப்பது, இழுவைப் பொதியோடு வந்த, காட்டுப்பாதை அலங்காரம் இல்லாத ரேஞ்சர். கொலராடோவின் எளிய வகையும் அதற்கு அருகிலேயே நிற்கிறது. வாரநாளில் வேலைக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் ஓடும் வண்டியாகவும் அது இருக்க வேண்டும், படகை மாதம் ஒரு தடவைதான் இழுப்போம் என்றால், ரிட்ஜ்லைன் விளம்பரத்தில் பின்தங்கியிருந்தாலும் கணக்கில் பின்தங்கவில்லை. ஃப்ரொன்ரியரை ஒதுக்கக் காரணமில்லை. ஆனால் நான்கு கதவு, நான்கு சக்கர இழுவை வகையின் கதவுத் தாளை நேரில் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். வாங்கிய பின், படகில் பெற்றோலும் வண்டியில் குடும்பமும் நிறைந்த நிலையில், கனரக வாகனத் தரிப்பிட எடைமேடை ஒன்றில் ஒருமுறை நிறுத்தி எடை பார்க்கும் செலவு மிகச் சிறியது.

படகும் ட்ரெயிலரும் சேர்ந்த எடை 5,500 இறாத்தலைத் தாண்டுமானால், நடுத்தர பிக்கப்புகளுக்குள் தேடுவதை நிறுத்திவிடலாம். அந்த அளவு படகை விரும்புவோருக்கு முன் இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று முழு அளவு பிக்கப். அதை ஆண்டு முழுவதும் ஸ்காபரோவின் வாகனத் தரிப்பிடங்களில் நுழைத்து எடுக்க வேண்டும், எரிபொருளுக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மற்றது, சிம்கோ ஏரிக்கரையில் ஒரு மரீனாவில் கோடை முழுவதற்கும் இடம் எடுத்து, பனிக்காலத்துக்குப் படகை வெளியே எடுத்து வைக்கும் வேலையையும் அவர்களிடமே விடுவது. கோடை வெள்ளி மாலைகளில் 400ஆம் நெடுஞ்சாலை நகரும் வேகத்தை அறிந்தவர்கள், எரிபொருள், டயர், பிரேக், காப்புறுதி ஆகியவற்றின் செலவை மரீனாக் கட்டணத்துக்கு எதிரே எழுதிப் பார்த்தால், பெரிய படகைப் பொறுத்தவரை இரண்டாவது வழியையே தெரிவு செய்வார்கள் என்று நினைக்கிறேன்.